லேபிளில் லிமோனின், பாட்டிலுக்குள் என்ன?

நறுமண ஒவ்வாமைப் பொருட்கள் குறித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1545 விதிக்குப் புதிய அழகுசாதனப் பொருட்கள் கட்டுப்பட வேண்டிய கெடு 2026 ஜூலை 31. ஏற்கெனவே சந்தையில் உள்ள சரக்குக்கு 2028 ஜூலை 31 வரை அவகாசம். லேபிளில் பெயர் சொல்ல வேண்டிய பொருட்களின் பட்டியல் 80-ஐத் தாண்டிவிட்டது. சோப்பு, க்ரீம் தயாரித்து அனுப்பும் வாசகர்கள் பலர் கேட்பது ஒன்றுதான்: “எங்கள் எண்ணெய் முழுக்க இயற்கை. அதற்கும் எச்சரிக்கை ஏன்?”

ஆரஞ்சுத் தோல் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். அதில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனின் என்ற நறுமணப் பொருள். புதிதாக இருக்கும்வரை அது தோலைப் பெரிதாகச் சீண்டாது. மூடியைத் திறந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடு உருவாகிறது. ஒவ்வாமையைக் கிளப்புவது இதுதான். ஒரு மூலக்கூறு மாறினால் அது அடுத்ததையும் மாற்றும். அதனால் முதலில் மெதுவாக நகரும் கேடு, பிறகு வேகம் பிடிக்கிறது. பாட்டில் பாதி காலியானால் உள்ளே காற்று கூடும். வெயிலும் வெப்பமும் மேலும் விரட்டும்.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். தோலில் தங்கும் பொருளில் லிமோனின் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் பெயர் வர வேண்டும். கழுவிவிடும் பொருளுக்கு 0.01. ஆனால் எண்ணெய் கெடக்கெட லிமோனின் குறைகிறது, தீங்கு கூடுகிறது. லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழ் பெராக்சைடு இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய விதியிலும் நறுமணத் துறையிலும் வரம்பு உண்டு. அந்த அளவு லேபிளில் வராது. உங்கள் அலமாரியில் ஆறு மாதம் இருந்த பாட்டிலை யாரும் சோதிப்பதும் இல்லை.

எல்லா எண்ணெயும் இப்படியா?
இல்லை. நீலகிரித் தைலத்தின் முதன்மைப் பொருளான சினியோல் ஆக்சிஜனுக்கு எளிதில் மசியாது. வெட்டிவேர், சந்தன எண்ணெய்கள் நெடுநாள் தாங்கும். எலுமிச்சை, ஆரஞ்சு, டீ ட்ரீ ஆயில் சீக்கிரம் கெடும்.

எதில் வைப்பது?
பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், கழுத்துவரை நிரப்பி.

டிராப்பர் மூடி?
வேண்டாம், ரப்பர் உப்பிப் பிசுபிசுத்துவிடும்.

ஃபிரிட்ஜ்?
நல்லது, கெடுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

வைட்டமின் ஈ?
புதிய எண்ணெயில் சேர்த்தால் பயன், கெட்டதை மீட்காது.

காலாவதித் தேதி?
திறக்காத பாட்டிலுக்கு மட்டும்.

திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதி வையுங்கள். ஆரஞ்சு வாசம் போய் டர்பன்டைன் நெடி அடித்தால், அந்த எண்ணெயைத் தோலில் தடவாதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள்.