ஆபுத்திரன் உள்ளமும் இந்திரன் அளவுகோலும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி நயினாதீவுக்குச் செல்லும் அடியார்கள், நாகபூசணி அம்மனைத் தரிசித்த பின் அன்னதான மண்டபத்தில் அமர்ந்து உண்பதுண்டு. அம்மண்டபத்தின் பெயர் அமுதசுரபி.

அன்னதானத்துக்கு ஒருவர் பொருள் கொடுத்தார் என்றதும் ஊரிலே இரண்டு குரல்கள் எழும். ‘தருமவான்’ என்பது ஒன்று. ‘பெயருக்குக் கொடுக்கிறார், புண்ணியம் தேடுகிறார்’ என்பது மற்றொன்று. கொடுப்பவர் கடல்கடந்து வாழ்பவராயின் இரண்டாவது குரல் சற்று உரத்தே கேட்கும். பிறர் உள்ளத்தின் நோக்கத்தை நாம் எதனைக் கொண்டு அளப்பது?

மண்டபத்தின் பெயரே விடைக்கு வழிகாட்டுகிறது. அமுதசுரபி, சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் அள்ளக் குறையாத பாத்திரம். மணிமேகலை அதனைப் பெற்ற இடம் மணிபல்லவத் தீவு. நயினாதீவே அத்தீவு என்று கொள்வோர் உளர், மறுப்போரும் உளர். அந்த வழக்கு இங்கு நமக்கு வேண்டாம். மணிமேகலைக்கு முன் அப்பாத்திரத்தை வைத்திருந்த ஆபுத்திரனின் கதையே நமக்கு வேண்டியது.

மதுரையிலே பிச்சையேற்று, கண்ணிழந்தோரையும் கால் முடங்கியோரையும் ஆதரவற்றோரையும் ஊட்டி, மிச்சத்தைத் தான் உண்டு வாழ்ந்தவன் அவன். சிந்தாதேவி அளித்த அமுதசுரபி கைக்கு வந்தபின் அந்த அறம் பெருகிற்று. இந்திரனின் இருக்கை நடுங்கிற்று. முதிய அந்தணன் வடிவில் வந்த இந்திரன், தானத்தின் பயனாக வேண்டுவதைக் கேள் என்றான். ஆபுத்திரன் நகைத்தான். பசித்து வந்தவர் உண்டு மகிழும் முகத்தை இப்பாத்திரம் எனக்குக் காட்டுகிறது. இதற்குமேல் நீ தருவது என்ன என்பது அவன் விடையின் கருத்து.

இங்கே ஒருவர் கேட்கலாம்: ‘அப்படியானால் அவனுக்கும் ஓர் இலாபம் உண்டே! அந்த மகிழ்ச்சிக்காகத்தானே கொடுத்தான்? அதுவும் தன்னலம் அன்றோ?’

கேள்வி கூர்மையானது. ஆனால், பிறர் பசி தீர்வதைப் பொருட்படுத்தாத ஒருவனுக்கு அந்த மகிழ்ச்சி வருமா? பிறர்நலம் நாடும் உள்ளத்தில்தான் அது பிறக்கிறது. ஆகவே மகிழ்ச்சி உண்டு என்பதனாலேயே அதனைத் தன்னலம் என்று தள்ளிவிட முடியாது.

சினங்கொண்ட இந்திரன் மழையைப் பொழிவித்து நாட்டை வளமாக்கினான். ஏற்பாரைக் காணாத ஆபுத்திரன், பசியால் வாடிய சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். இடையே மணிபல்லவத்தில் இறங்கினான். அவன் ஏறிவிட்டதாக எண்ணிக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத் தீவு; கையிலே வற்றாத சோறு; பாராட்டவோ பழிக்கவோ எவரும் இல்லை. தன் ஒருவன் உயிரை மட்டும் காக்க இப்பாத்திரம் எதற்கு என்று அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான்.

அவன் முடிவை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அது காட்டும் உள்ளமே கருதத்தக்கது. சாட்சியும் கைம்மாறும் அற்ற இடத்தில் ஒருவன் செய்வதே அவன் நோக்கத்துக்குச் சான்று.

இன்னோர் அளவையும் இக்காப்பியத்தில் உண்டு. திருப்பிச் செய்ய வல்லவர்க்குக் கொடுப்பது அறத்தை விலைபேசுவது என்கிறது பாத்திரம் பெற்ற காதை. புறநானூற்றிலே, மறுமைப் பயனுக்காக இம்மையில் கொடுக்கும் வணிகன் அல்லன் ஆய் அண்டிரன் என்று முடமோசியார் புகழ்வதும் இந்த நோக்கிலேயே.

ஆகவே ஒருவரை எடைபோடுமுன் இரண்டைப் பார்க்கலாம். யாருக்குக் கொடுக்கிறார்? பெயர்ப்பலகை இல்லாதபோதும் கொடுக்கிறாரா? பசித்தவனுக்கு இன்றைய சோறு எவர் கொடுத்தாலும் சோறுதான். ஆனால் பெயருக்குக் கொடுப்பவர், பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடக்கூடும். நாளைய சோறு அந்த நோக்கத்தில் தங்கியிருக்கிறது.

இந்த இரண்டையும் அறியாதவிடத்து வாய் மூடியிருப்பதே முறை. பயன் கருதாமல் எவரும் கொடார் என்று எண்ணியே இந்திரன் வரம் தர வந்தான். அவன் அளந்தது ஆபுத்திரனை அன்று, தன்னையே.