படைவீரனும் கொத்துத் தலையிடியும்

தலையிடியை ஒரு நோயென்று கணக்கில் எடுப்பவர் நம்மிடையே மிகக் குறைவு. அது சோம்பேறியின் சாட்டு என்றும், பரீட்சைக் காலத்து மாணவனின் புகலிடம் என்றும் எண்ணிவிடுகிறோம். வகுப்பில் நெற்றியைப் பிடித்தவாறு எழுந்து நிற்கும் பையனை ஐயத்தோடு நோக்கிய ஆசிரியர் கூட்டத்தில் நாமும் அடங்குவோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் வைத்திய உலகம் கண்ட நோவுகளுள் முதல் வரிசையில் வைக்கத்தக்க தலையிடி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனைக் கிளஸ்டர் தலையிடி என்பர். கொத்துக் கொத்தாக வருவதனால் கொத்துத் தலையிடி என நாம் அழைக்கலாம்.

இந்நோயாளர் 1,604 பேரிடம் வினவிப் பெற்ற விடைகள் 2021 ஆம் ஆண்டில் ஒரு வைத்தியச் சஞ்சிகையில் வெளிவந்தன. பத்துப் புள்ளிகளுக்குத் தம் நோவை அளந்து கூறுமாறு கேட்டபோது, கொத்துத் தலையிடிக்கு அவர்கள் கொடுத்த சராசரிப் புள்ளி 9.7. பிரசவ வேதனைக்கு 7.2. துப்பாக்கிக் குண்டு பட்ட காயத்துக்கோ 6.0 மாத்திரமே! குண்டடிக்கு அஞ்சாதவன் என்று நாம் போற்றும் போர்வீரனுக்கு இந்நோய் வந்தால் அவன் நிலை யாதாகும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அமெரிக்கப் படைமுகாம் ஒன்றை மனக்கண்முன் கொண்டு வருவோம். இரவு பத்தரை மணிக்கு விளக்குகள் அணைகின்றன. உறங்கி ஒன்றரை மணி நேரம் ஆகுமுன்னரே இளம் சிப்பாய் ஒருவன் திடுக்கிட்டு எழுகிறான். ஒரு கண்ணுக்குப் பின்னால், ஒரே பக்கத்தில், பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செலுத்தியது போன்ற வலி. அந்தக் கண் சிவந்து நீர் சொரிகிறது, இமை தாழ்கிறது, அப்பக்கத்து நாசி அடைத்துப் பின் ஒழுகுகிறது. மற்றப் பாதி முகத்துக்கோ ஒன்றுமில்லை. ஒற்றைத் தலையிடிக்காரன் இருட்டறையை நாடி அசையாது கிடப்பான். இவனாற் படுக்க முடியாது. எழுந்து நடக்கிறான், முன்னும் பின்னும் ஆடுகிறான், சுவரில் தலையை மோதுகிறான். கால் மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரை இக்கொடுமை நீடிக்கலாம். பின்னர் வந்த சுவடே இன்றி அகன்றுவிடும். மறுநாள் இரவும் ஏறக்குறைய அதே நேரத்தில், கடிகாரம் பார்த்து வந்தாற்போல, மீண்டும் வரும். ஒரு நாளில் எட்டு முறை வரையும் வரக்கூடும். இவ்வாறு சில கிழமைகளோ சில மாதங்களோ வாட்டிவிட்டு, ஒரு நாள் சொல்லாமற் போய்விடும். பெரும்பாலார்க்கு மாதங்களோ வருடங்களோ கழிந்தபின் திரும்பும். பத்தில் ஒருவர் இருவருக்கோ ஓய்வே கிடைப்பதில்லை.

படையின் முதற் பாடம் அசையாது நிற்றல். இந்நோயின் முதல் இலக்கணம் அசையாது நிற்க முடியாமை. அணிவகுப்பில் நிற்பவனுக்கு வலி எழுந்தால் ஒழுங்கு மீறியவன் ஆகிறான். சிவந்த கண்ணையும் தாழ்ந்த இமையையும் காணும் சாஜன், அவன் குடித்திருக்கிறான் என்று கருதினால் அவரையும் குறை கூற இயலாது. வைத்தியரிடம் போய்ச் சேர்வதற்குள் நோவு நீங்கிவிடுவதால், வேலைக்கள்ளன் என்ற பட்டமும் சேர்ந்துகொள்கிறது. படைக்கு வெளியிலேகூட, பீனிசம் என்றும் பல்வலி என்றும் பிழையாகக் கணித்து, நல்ல பற்களைப் பிடுங்கிய கதைகள் பல.

நோய் புதியதன்று. ஒல்லாந்தில் பிறந்து வியன்னாவில் மரியா தெரேசா அரசியின் வைத்தியராக விளங்கிய வான் சுவீட்டன், நாள்தோறும் ஒரே நேரத்தில் இடக்கண்ணுக்கு மேல் நோவு வந்து, கண் பிதுங்குவதுபோல் உணர்ந்து பித்தரைப்போல் ஆன ஒருவரைப் பற்றி 1745 இலேயே எழுதியுள்ளார். இலண்டன் வைத்தியர் வில்பிரட் ஹரிஸ் 1926 இலும், அமெரிக்காவின் மயோ வைத்தியசாலையைச் சேர்ந்த பேயார்ட் ஹோட்டன் 1939 இலும் இதனை விவரித்தனர். மூளையின் அடிப்பாகத்தில் உறக்கத்தையும் விழிப்பையும் நாட்கணக்கையும் ஆளும் ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதி நோவின்போது கிளர்ச்சியுறுவதை 1998 இல் மூளைப் படங்கள் காட்டின. நோய் மணி தவறாமல் வருவதன் இரகசியம் அங்கேயே இருத்தல் கூடும்.

ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவரை இது பீடிக்கிறது. சுவீடனில் கட்டாயப் படைச் சேவைக்கு வந்த பதினெட்டு வயது இளைஞர் 9,803 பேரை ஆராய்ந்து 1978 இல் வெளியிட்ட கணக்கும் நூற்றுக்கு 0.09 என்றே கூறிற்று. பெண்களிலும் ஆண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்குகிறது. படைக்கு ஆள் எடுக்கும் வயதும் அதுவே அன்றோ? ஆதலால் சேரும்போது பூரண சுகதேகியாக இருந்தவன், சேவையின் நடுவே நோயாளி ஆகிறான்.

படை வாழ்வும் இந்நோய்க்கு இசைவாகவே அமைந்துள்ளது. இராக்காவலால் உறக்கம் குலைகிறது. கடல் கடந்து அனுப்பும்போது உடலின் கடிகாரம் தடுமாறுகிறது. நோய்க் காலத்தில் ஒரு மிடறு மதுவும் வலியை எழுப்பவல்லது. தோழர்களின் கேளிக்கையில் அவன் மட்டும் ஒதுங்கவேண்டும். இன்னொரு விந்தை: நைற்றோகிளிசரின் சிறிதளவு கொடுத்தால் நோய்க் காலத்தில் உள்ளவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வலி எழுவதை சுவீடன் வைத்தியர் ஏக்பொம் 1968 இல் காட்டினார். நெஞ்சு நோவுக்கு மருந்தாகும் அப்பொருளே பீரங்கிகளில் இட்ட கோடைற் வெடிமருந்தின் முக்கிய கூறுமாகும்.

சிகிச்சை இல்லையா எனின், உண்டு. சாதாரண வலி மாத்திரைகள் வயிற்றிலிருந்து வேலை செய்யத் தொடங்குமுன் வலி தானே முடிந்துவிடும். சுமற்றிப்டன் என்ற மருந்தைத் தோலின்கீழ் ஊசியாக ஏற்றினால் கால் மணி நேரத்துள் பலருக்குக் குணம் தெரிகிறது. இருதய நோயுள்ளவர்க்கு அது ஆகாது. மற்றையது நாம் சுவாசிக்கும் ஒட்சிசன். இறுக்கமான முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 லீற்றர் வீதம் 15 நிமிடம் சுவாசித்தபோது, நூற்றுக்கு 78 வலிகளில் நோவு நீங்கவோ போதிய அளவு தணியவோ செய்ததென 2009 இல் ஓர் ஆராய்ச்சி நிறுவிற்று. வெறும் காற்றுக்கு அது 20 மாத்திரமே. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு வலிக்கு 180 லீற்றர் வேண்டும். ஏறத்தாழ 425 லீற்றர் கொள்ளும் கைச்சிலிண்டர் இரண்டு வலிகளுக்கே போதும். அழுத்திய ஒட்சிசன் தீயைப் பெருக்கும் பொருள். அதனை யுத்தகளத்தில் யார் சுமப்பது? வலி வராமற் காக்கும் வெரபமிலுக்கு அடிக்கடி இருதயப் பதிவு எடுக்கவேண்டும். லிதியமோ, பாலைவன வெயிலில் வியர்த்து உடல் நீரிழந்தால் இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகும். படுக்கையருகே எளிதாகும் வைத்தியம் பதுங்குகுழியில் அரிதாகிறது.

எனவே சிப்பாய் என்ன செய்கிறான்? பலர் மறைக்கிறார்கள். அமெரிக்கத் தரைப்படையின் மருத்துவத் தகுதி விதிகளின் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பு, அடிக்கடி செயலிழக்கச் செய்யும் கொத்துத் தலையிடி உள்ளவனை நரம்பு நிபுணரிடம் அனுப்பவேண்டும் என்றது. தடுப்பு மருந்தைச் சோதிக்க மூன்று மாதம். அதற்குள் நோய் அடங்காவிடின் வைத்தியச் சபை முன் நிற்கவேண்டும். அச்சபையின் வழி பெரும்பாலும் முகாம் வாயிலை நோக்கியதே. சீருடையும் சம்பளமும் குடும்பத்தின் வீடும் ஒருங்கே போகும் என்ற அச்சம் இருக்கையில், இரவு வலியைக் குளியலறைக்குள் கொண்டுசென்று வாயைப் பொத்திக்கொள்பவனைக் கோழை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அம்மறைப்பு பின்னர் அவனுக்கே பகையாகிறது. சேவையிலிருந்து நீங்கியபின் முன்னாட் படைவீரர் திணைக்களத்திடம் உதவிப்பணம் கோரினால், நோய் சேவைக் காலத்தில் தொடங்கியதற்குச் சான்று எங்கே என்று கேட்பர். வைத்தியரிடம் போகாதவனுக்குப் பதிவேது? அத்திணைக்களத்தின் அட்டவணையில் கொத்துத் தலையிடிக்கெனத் தனி இலக்கமும் இல்லை. ஒற்றைத் தலையிடியின் இலக்கமாகிய 8100 இன்கீழ் ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள். அதன் உச்சம் நூற்றுக்கு 50. அதனைப் பெற வலி ஆளை முற்றாகச் சாய்த்துக் கிடத்துவதாகவும், பிழைப்பைக் கெடுப்பதாகவும் இருத்தல் வேண்டும் என்பது விதியின் கருத்து. படுக்க இயலாமல் இரவெல்லாம் நடப்பவன், தன்னை அது கிடத்துகிறது என்று எவ்வாறு மெய்ப்பிப்பான்!

எனினும் வைத்தியப் பதிவு மட்டுமே சான்று அன்று. உடனிருந்தோர் கண்டதை எழுதிக் கொடுக்கும் கடிதங்களையும் அத்திணைக்களம் ஏற்று ஆராய்கிறது. ஆகவே பல்லாண்டுகளின் பின், அடுத்த கட்டிலில் உறங்கிய தோழனைத் தேடிப்பிடித்து, நள்ளிரவுக்குப் பின் கண்ணைப் பொத்திக்கொண்டு முகாமின் வெளியே தான் நடந்து திரிந்ததை எழுதித் தருமாறு கேட்கிறான் அந்தப் பழைய சிப்பாய்.