85.5814: ஓசூர் கணக்கறைக்குள் எட்டிப் பார்த்தபோது

ஓசூர் சிப்காட்டுக்குப் போகிறவர்கள் இயந்திரம் பார்க்கத்தான் போவார்கள். நான் நேரே மாடிப்படி ஏறினேன். கீழே பிரஸ் இறங்கும் ஒவ்வொரு தடவையும் மேசை மேலிருந்த டீ கிளாஸ் லேசாக நடுங்கியது. 2025 ஏப்ரல் முதல் வாரம். வாகன உதிரிபாகம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியின் கணக்குப் பிரிவு. பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி டிராஃபிக்கைத் தாண்டி வந்திருந்த ஆடிட்டர், இன்னும் சட்டையில் மடிப்புக் கலையாமல், கணக்கு எழுதும் பெண்ணின் முன் ஒரே ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

“பேங்க் 1,40,000-ங்கிறாங்க. நீங்க 1,37,592 போட்டிருக்கீங்க. மீதி 2,408 எங்கம்மா?”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏனென்றால் அவர்கள் விலை போட்டுக்கொண்டிருந்த சரக்கு குடோனில் கிடையாது. அது ஒரு வாக்கு! 2025 ஜூன் கடைசியில் 1 லட்சம் டாலரை, டாலருக்கு 84.70 ரூபாய் வீதம் வங்கிக்கு விற்கிறோம் என்று 2024 ஜூனிலேயே கொடுத்த வாக்கு. ஃபார்வர்டு என்பார்கள். வருஷக் கடைசியில் அதன் ‘ஃபேர் வேல்யூ’ என்னவென்று பேலன்ஸ் ஷீட்டில் எழுதியாக வேண்டும். ‘இண்ட் ஏஎஸ் 113’ என்ற கணக்கு விதி கேட்பது எளிய கேள்விதான்: இன்றைக்கே இதைக் கைமாற்றினால் என்ன கிடைக்கும்? சுமையாக இருந்தால், இன்னொருவர் தலையில் ஏற்றிவிட என்ன கொடுக்க வேண்டும்? வாங்கிய விலை பேச்சே இல்லை. முடைக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதும் கணக்கில் சேராது.

சரி, இன்றைய விலை எது? இங்கேதான் கூத்து. 2025 மார்ச் 31 ரம்ஜான், சந்தை விடுமுறை. ஆக, சந்தைக்கான அடிப்படை விலைகளை அறிவிக்கும் எஃப்பிஐஎல் நிறுவனம் 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வெளியிட்ட டாலர் விலையை எடுத்தார்கள்: 85.5814. முந்தைய வருஷம் மட்டும் என்ன? மார்ச் 31 ஞாயிறு, 29 புனித வெள்ளி. மறுபடியும் 28-ஆம் தேதி விலைதான்: 83.3739. அந்த நான்கு தசம இலக்கம் எங்கே பிறக்கிறது தெரியுமா? காலை 11.30-க்கும் 12.30-க்கும் நடுவே ஒரு 15 நிமிஷம்; எந்த 15 நிமிஷம் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் நிஜமாக நடந்த வியாபாரத்திலிருந்து எடுக்கிறார்கள். யாரும் காத்திருந்து விலையைத் தள்ளிவிட முடியாது. எவ்வளவு அழகான யோசனை!

ஆனால் ஜூனுக்கு அந்த விலை போதாது. மூன்று மாதம் கழித்துக் கைமாறும் டாலருக்குச் சந்தை வைக்கும் கூடுதல் விலை, அதாவது பிரீமியம், சேர வேண்டும். சேர்த்தால் 86.10. வாக்குக் கொடுத்த விலையைவிட 1.40 ரூபாய் கூடுதல். லட்சம் டாலருக்கு 1,40,000 பாதகம். வங்கி அங்கேயே நிறுத்திவிட்டது. இவர்களோ, அது ஜூனில் போகிற பணம், இன்றைய பணமாக மாற்றணும் என்று 7 சதவீத வட்டியில் மூன்று மாதம் கழித்திருந்தார்கள். அந்த 2,408-தான் மூன்று மாதத்தின் விலை. ஆடிட்டர் பென்சிலால் ஒரு டிக் போட்டார். அந்தப் பெண் விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

பாதகம் என்றதும் பதற வேண்டாம். ஏற்றுமதிக்கு வரப்போகும் டாலர் அதே அளவு கூடுதல் ரூபாய் தரும். ஒன்றின் பாதகத்தை மற்றொன்று ஈடுகட்டும் இந்த ஏற்பாடுதான் ஹெட்ஜ். அதனால்தான் ஹெட்ஜ் கணக்கு முறைப்படி இந்தத் தொகையை லாபநட்டத்தில் கொட்டாமல் தனிக் கையிருப்பில் நிறுத்தி வைக்கிறார்கள், சரக்கு விற்கும் வரை.

இந்த ஊர்ச் சரக்கை வைத்தே மற்றதையும் சொல்லிவிடலாம். விதி மூன்று படி வைத்திருக்கிறது. ஓசூர் பூச்சந்தையில் இருபது ரோஜா கொண்ட கட்டு இன்று இன்ன விலை என்றால் அது முதல் படி. யாரும் மறுக்க முடியாது. அதே ரோஜா, காம்பு குட்டை, அந்த ரகம் இன்று சந்தைக்கு வரவில்லை; நெடுங்காம்பு விலையை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டாம் படி. நம் ஃபார்வர்டு அங்கேதான். மூன்றாவது? கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பைப் பூ விடும்போதே குத்தகை பேசுவார்களே, அது. பூவைப் பார்த்து, போன வருஷக் காய்ப்பை நினைத்து, மழையை அஞ்சி ஒரு தொகை சொல்கிறார் வியாபாரி. எனக்கு மிகப் பிடித்த படி இதுதான், மிகப் பயமானதும். அதனால்தான் எதை எதை அனுமானித்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதச் சொல்கிறார்கள்.

படி மாறுவதும் உண்டு! கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஸ்கூட்டர் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக்கின் பங்கை, பட்டியலுக்கு முன் வைத்திருந்த முதலீட்டாளர்கள் மாந்தோப்புக் கணக்குதான் போட வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 9-இல், 76 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு சந்தையில் பட்டியலானது. அன்று முதல் திரையில் ஓடும் விலை, பூக்கட்டு மாதிரி.

டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் கதை இன்னும் பளபளப்பு. கடிகாரத்தில் ஆரம்பித்து, ஓசூரில் நகையும் செய்கிறார்கள். வங்கியிடம் தங்கத்தையே கடனாக வாங்குகிறார்கள். கடன் கிராமில்! தங்கம் ஏறினால் கடனும் ஏறும். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வளையலும் கூடவே ஏறும். சொந்தமாக வாங்கிய தங்கத்துக்கு வாயிதா ஒப்பந்தம் விற்றுச் சமன் செய்வார்கள்.

இந்த மாதிரி ஒப்பந்தங்களின் லாபநட்டம் முன்பெல்லாம் பேலன்ஸ் ஷீட்டில் சரியாகத் தெரிந்ததில்லை. 2008-இல் டாலரும் ஸ்விஸ் ஃபிராங்கும் ஆடிய ஆட்டத்தில், கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ் ஆக்ஸிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றம் போனது. சர்க்கரை ஆலைக்கு ஸ்விஸ் ஃபிராங்க்! டெரிவேட்டிவ், அதாவது ஃபார்வர்டு மாதிரி இன்னொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தம், சூதாட்டம் அல்ல என்று நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அந்த அக்டோபரில் தீர்ப்பளித்தார். அதே வருஷம் மார்ச் 29-இல் பட்டயக் கணக்காளர் கழகம், டெரிவேட்டிவ் நஷ்டத்தை மறைக்காமல் கணக்கில் கொண்டுவரச் சொன்னது. கணக்கு வருஷம் முடிய இரண்டே நாள். அந்த இரண்டு ராத்திரியும் எத்தனை கணக்கறைகளில் விளக்கு அணையாமல் எரிந்திருக்கும்!

நான் கிளம்பும்போது ஆடிட்டர் அடுத்த ஒப்பந்தத்தைப் பிரித்திருந்தார். இது யூரோ. டீ கிளாஸ் மறுபடி நடுங்கியது.

“இதுக்கு பிரீமியம் எங்கேர்ந்து எடுத்தீங்க?” என்றார். அந்தப் பெண் இரண்டாவது ஃபைலை எடுத்து வைத்தாள்.