தூரிகைக்குக் காத்திருக்கும் கீழக்கரைத் தூண்கள்

பள்ளிவாசல் படம் வரையச் சொன்னால், நம் பிள்ளைகளில் பலர் பச்சைக் குவிமாடமும் இரண்டு மினாராக்களும் வரைந்து தருவார்கள். காலண்டரிலும் கைப்பேசியிலும் பார்த்துப் பழகிய வடிவம் அது. நம் கடற்கரையில் நம் முன்னோர் கட்டிய பள்ளிவாசல்களின் சாயலே வேறு.

கீழக்கரை ஜும்ஆ பள்ளியைப் பாருங்கள். கிழவன் சேதுபதி காலத்தில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் அவர்களின் பெயரோடு இணைந்தது இந்தப் பள்ளி. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவரும் அவரே. வரிசை வரிசையான கல் தூண்களும் அவற்றின் மேல் போதிகைகளுமாகத் தமிழகத்து மண்டபங்களின் அமைப்பில் அது எழுந்திருக்கிறது. ஆனால் கல்லில் உயிரினங்களின் உருவம் இல்லை. பூவும் கொடியும் கோலமுமே உண்டு. மண்ணின் கலையையும் மார்க்கத்தின் வரம்பையும் ஒரே கல்லில் சேர்த்து வைத்தார்கள் நம் முன்னோர்.

ஓவியம் பழகுவோருக்கு இது நல்ல பாடசாலை. உருவம் வரைவதில் பேணுதல் உள்ள குடும்பங்களுக்கும் இங்கே தயக்கம் வேண்டியதில்லை. ஒரே ஒரு தூணிலிருந்து தொடங்கலாம். நம் நாட்டுத் தூணின் கணக்கு எளிது: சதுரத்தின் முனைகளை வெட்டினால் எட்டுப்பட்டை, அதன் முனைகளையும் வெட்டினால் பதினாறு பட்டை. அளவுகோலும் காம்பஸும் இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் வரைந்துவிடும். பிறகு ஒரு பூ, அதன் பிறகு தூண்களுக்கிடையே விழும் நிழல்.

வண்ணம் பழக ராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனைக்குச் செல்லலாம். முத்து விஜயரகுநாத சேதுபதி (1713–1725) காலத்துச் சுவரோவியங்கள் அங்கே உள்ளன. அவற்றில் சிவப்பும் மஞ்சளும் எப்படிக் கலந்து நிற்கின்றன என்று கவனித்தாலே போதும்.

இதில் அவசரமும் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்தது. பவளக்கல் சுவர்களின் மிச்சமே இன்று நிற்கிறது. புயல் தொடாத கட்டடங்களை நாமே மாற்றிவிடுகிறோம். இட நெருக்கடியால் இடித்துக் கட்டுகிறோம், செதுக்கிய பூக்களின் மேல் பெயின்ட் அடிக்கிறோம், தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறோம். தொழுவோர் பெருகும்போது விரிவாக்கம் தேவைதான். அதற்கு முன் இருந்ததை அளந்து வரைந்து வைத்தால், பழைய தூண் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்ற எண்ணம் ஜமாஅத்துக்கு வரும்.

அடுத்த விடுமுறையில், ஜமாஅத் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, தொழுகை நேரம் தவிர்த்து, பிள்ளைகளை உங்கள் ஊர்ப் பழைய பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். பென்சிலும் தாளும் போதும். வரைந்த தாளில் ஊர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், நாளை அந்தத் தாளே நம் ஊரின் ஆவணமாகும்.