இழுக்கும் கார்... தள்ளும் கார்!

கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கவும் அதே 70. அதில் 69 வளைவுகளில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மிச்சமிருந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் மனைவியும் ஐந்து வயது மகளும். எனக்குப் பக்கத்தில் தாய்மாமா. நாமக்கல்லில் முப்பது வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டி ஓய்வுபெற்றவர். நான் கார் ஓட்டினால் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டே வரும். இல்லாத பிரேக்!

மழை அப்போதுதான் விட்டிருந்தது. வலதுபக்கமாகத் திரும்பும் ஒரு வளைவு. வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது. பாதி திரும்பியபோது கீழேயிருந்து பஸ் ஹாரன். பதறிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

அவ்வளவுதான். காரின் முன்பக்கம் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. குளியலறைத் தரையில் சோப்பு நழுவுகிற மாதிரி, காரின் வால் இடதுபக்கமாக, பள்ளத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

"பிரேக்கை விடுறா! இடது பக்கம் ஒடி! இடது!"

வலது வளைவில் இடது பக்கம் ஒடிக்கச் சொல்கிறாரே, இவருக்கென்ன பைத்தியமா என்று யோசிக்க நேரமில்லை. விட்டேன். ஒடித்தேன். கார் ஒரு ஆட்டம் ஆடி நேரானது. அதற்குள் பின்பக்க மூலை கைப்பிடிச் சுவரை உரசி, விளக்கு உடைந்து சிதறியது. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மேகம்தான் தெரிந்தது.

"அப்பா, இன்னொரு தடவை!" என்றாள் மகள். மனைவி, சேந்தமங்கலம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமா மட்டும் இறங்கிப்போய் நாலு டயரையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஏண்டா மாப்ளே, முன்னாடி ரெண்டும் புதுசு. பின்னாடி ரெண்டும் வழுக்கை. எவன் மாட்டுனான்?"

"கடையில சொன்னாங்க மாமா. இது ஃப்ரண்ட் வீல் டிரைவ். முன் சக்கரம்தான் வண்டியை இழுக்குது. அதனால புதுசை முன்னாடி போடணும்னு. அதுவுமில்லாம, முன் சக்கர வண்டியில வால் ஆடவே ஆடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

"அந்த எல்லாரையும் ஒருநாள் இங்கே கூட்டிட்டு வா" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு, நான் படித்ததும் மாமா சொன்னதுமாகச் சேர்த்துப் பார்த்தேன். ஆச்சரியம், இரண்டும் ஒத்துப்போயின!

சம்பளம் ஒன்று, செலவு மூன்று

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு செலவாகப் பார்த்தால்தான் புரியும். ஒரு டயருக்குச் சாலைமேல் இருக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. இவ்வளவுதான் என்று அளவு உண்டு. மழை பெய்தால் சம்பளம் குறையும். டயர் தேய்ந்திருந்தால் இன்னும் குறையும். காரை நகர்த்துவது, திருப்புவது, நிறுத்துவது என்ற மூன்று செலவுகளையும் அந்தச் சம்பளத்துக்குள்தான் முடித்தாக வேண்டும்.

முன் சக்கர இழுவைக் காரில் முன் டயர்களின் நிலைமையைப் பாருங்கள். காரை இழுப்பது அவை. திருப்புவது அவை. பிரேக் போட்டால் பெரும்பங்கு சுமப்பதும் அவையே. கூட்டுக் குடும்பத்து மூத்த பிள்ளை மாதிரி! வளைவில் வேகமாக நுழைந்து ஆக்ஸிலேட்டரையும் மிதித்தால், திருப்புவதற்குப் பிடிமானம் மிச்சமிருக்காது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்புவீர்கள். கார் பாட்டுக்கு நேராகப் போகும். இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். அப்போது பயந்து ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினால் பிரயோஜனமில்லை. ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் தளர்த்தி, ஸ்டியரிங்கையும் கொஞ்சம் தளர்த்தினால் டயர் மறுபடி பிடிக்கும்.

பின் சக்கர இழுவையில் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. முன் டயர் திருப்பும். பின் டயர் தள்ளும். அதனால் ஸ்டியரிங் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் ஈரமான வளைவில் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் வழுக்கி, வால் வெளியே ஓடும். இது ஓவர்ஸ்டியர். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். மாமா கத்தியது இதைத்தான்.

"அம்பாசடர் காலியா வரும்போதுதான் வால் ஆட்டும்டா. பின்னாடி நாலு பேர் ஏறிட்டா நல்ல பிள்ளையா அடங்கிடும்" என்பார் மாமா. கணக்கு சரிதான். பின்னால் எடை ஏறினால் பின் டயருக்குச் சம்பள உயர்வு!

மேட்டில் ஏறும்போதும் இதே கதை. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும். பின் சக்கர வண்டிக்கு அது லாபம். முன் சக்கர வண்டிக்கு இழுக்கிற சக்கரத்தின் மேலேயே எடை குறைகிறது. ஐந்து பேரோடு, டிக்கி நிறையச் சாமானோடு ஈரமான மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். முன் சக்கரம் 'கீச்' என்று ஒரே இடத்தில் சுற்றும். சமதரையில் மழை பெய்தால் நிலைமை தலைகீழ். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆளில்லாத காரின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னால்தான். அந்த அழுத்தத்தில் டயர் நன்றாகப் பிடிக்கும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு முன் சக்கர வண்டி சாது என்று சொல்வது இதனால்தான்.

முதுகெலும்பு போன கதை

அம்பாசடரில் பின் சீட்டு நடுவில் உட்கார்ந்தவர்களுக்கு, காலுக்கடியில் இருந்த அந்த மேடு ஞாபகம் இருக்கும். முன்னால் இருக்கும் எஞ்சினின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட் அதற்கடியில்தான் ஓடியது.

1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. சின்ன கார் வேண்டும் என்று தேட, அலெக் இஸிகோனிஸ் என்ற எஞ்சினியர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன் சக்கரத்தையே இழுக்கச் சொன்னார். ஷாஃப்ட் போயிற்று, இடம் கிடைத்தது. 1959-ல் வந்த மினி காரின் நீளம் சுமார் பத்து அடி; உள்ளே நாலு பேர்! முன் சக்கர இழுவை அதற்கு முன்பும் உண்டு. ஆனால் சின்னக் கார்கள் பெரும்பாலும் பின்பற்றியது இந்தக் குறுக்கு எஞ்சின் வழியைத்தான். வேடிக்கை என்னவென்றால், மினியைத் தயாரித்ததும், நம் அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தயாரித்ததும் ஒரே கம்பெனி.

நம் ஊரில் முன் சக்கர இழுவையை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. முப்பது வருஷம் அம்பாசடரும் மாருதியும் ஒரே ரோட்டில் ஓடி, இரண்டின் உற்பத்தியும் ஒரே வருஷத்தில், 2014-ல் நின்றது. அதோடு பின் சக்கரத்தின் கதை முடியவில்லை. எலெக்ட்ரிக் காரில் மோட்டாரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். 2024 நவம்பரில் மகிந்திரா அறிமுகப்படுத்திய பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ இரண்டுக்கும் மோட்டார் பின்னால்தான். டாக்ஸி ஸ்டாண்டிலோ எதிர்த்திசை. பழைய இன்னோவா பின் சக்கர வண்டி; 2022-ல் வந்த ஹைகிராஸ் முன் சக்கர வண்டி. ஆக, நாளைக்கு உங்கள் கைக்கு எது வரும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் என் வால் ஏன் ஆடியது?

இறக்கம். அதிலேயே எடை முன்னால் சாய்ந்துவிட்டது. அதன்மேல் பிரேக் வேறு. மிச்சமிருந்ததும் முன்னால் ஓடிவிட்டது. முன் சக்கர வண்டிக்குப் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. மனைவியும் குழந்தையும் உட்கார்ந்திருந்தும் பின் டயருக்கு வேண்டிய அழுத்தம் இல்லை. போதாததற்கு ஈரத்தில் தேய்ந்த டயர்! வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரிலிருந்து வெடுக்கென்று காலை எடுத்தால்கூட இது நடக்கும். இழுப்பது எந்தச் சக்கரம் என்பது வேறு, முதலில் வழுக்குவது எந்தச் சக்கரம் என்பது வேறு. நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்தேன்.

இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் நல்லது பின்னால் போக வேண்டும். முன் சக்கர வண்டியோ, பின் சக்கர வண்டியோ, இதில் பேதமில்லை. முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாகிக் கைக்குத் தெரிந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். பின்பக்கம் வழுக்கினால் முன்னறிவிப்பு கிடையாது. திருப்பிப் போடுவதற்குள் கார் நம்மைத் திருப்பிவிடும். எல்லார் பக்கத்திலும் மாமா உட்கார்ந்திருக்க மாட்டார்!

நினைவில் வைக்க நாலு விஷயம்:

1. பிரேக்கை வளைவுக்கு முன்னால் போட்டு முடியுங்கள். நடுவில் வேண்டாம்.

2. மலையில் இறங்கும்போது, ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள்.

3. சுமார் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயர்களை முன்பின் மாற்றிப் போட்டால் நாலும் ஒன்றாகத் தேயும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டமே ஒப்பாது. மழைக்கு அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள்.

4. ஏ.பி.எஸ். இருந்தால் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாது. ஆனால் இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. டயர்தான் முதலாளி, மற்றதெல்லாம் குமாஸ்தா.

மறுநாள் வேறொரு டயர் கடைக்குப் போனேன். "இருக்கிற புதுசு ரெண்டையும் பின்னாடி போடுப்பா."

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "சார், இது ஃப்ரண்ட் வீல் வண்டி சார். புதுசு முன்னாடிதான் சார் போடணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"தம்பி, முன்னாடிக்கும் ரெண்டு புதுசு எடுத்துப் போடுங்க. நாலும் புதுசா இருக்கட்டும். பணம் இவர் தருவார்."

தந்தேன். உடைந்த விளக்குக்கும், சுவர் உரசிய இடத்தில் பெயின்ட்டுக்கும் ஆன செலவு, முன்பு இரண்டு டயரில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம். கொல்லிமலையில் இறங்காமலே இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். பி.காம். படித்து என்ன பிரயோஜனம்!