உங்களுக்குத் தெரியுமா?

நூறாண்டுப் பழைய பொம்மை ரயிலின் சக்கரம் இன்றைய தோட்டத் தண்டவாளத்தில் உட்காரும்!

ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் 1891-இல் பொம்மை ரயில்களுக்கு கேஜ் அளவுகளை வகுத்தது. அவற்றில் ஒன்றாம் கேஜ் என்பது தண்டவாளங்களுக்கு இடையே 45 மி.மீ. அதே நாட்டின் எல்ஜிபி என்னும் பிராண்ட் 1968-இல் தோட்ட ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும் அதே 45 மி.மீ.தான். பித்தளைத் தண்டவாளம் என்பதால் மழையில் துருப்பிடிக்காது. உயரமானதும்கூட, ஆகவே பழைய சக்கரங்களின் ஆழமான விளிம்பு அடியில் இடிக்காது.

மின்சாரம் ஒத்துப்போகுமா என்று கேட்கலாம். மூன்று தண்டவாள மின்சார எஞ்சினுக்கு ஒத்துப்போகாது, உண்மைதான். ஆனால் சாவி கொடுத்து ஓடுபவற்றுக்கும், ஸ்பிரிட் விளக்கால் நீராவி உண்டாக்குபவற்றுக்கும் மின்சாரமே வேண்டாமே! தகரப் பெட்டிகளின் பெயின்ட்டை மட்டும் மழையில் நனைய விடக்கூடாது.