சுவரில் ஒட்டிய நோட்டீஸ்

ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கிறது. பாதி மழையில் நனைந்துவிட்டது. நமக்கென்ன என்று போய்விடாதீர்கள். உங்கள் நிலம் அதில் இருக்கலாம்.

கால்வாய் வெட்ட, சாலை போட, பள்ளிக்கூடம் கட்ட அரசு நிலம் எடுக்கிறது. எடுக்கும் முன் மக்களுக்குச் சொல்ல வேண்டும். இதற்கு வெள்ளைக்காரர் காலத்தில், 1894-இல் ஒரு சட்டம் வந்தது. நூறு ஆண்டுக்கு மேல் அதுதான் இருந்தது. 2013-இல் புதிய சட்டம் செய்தார்கள். 2014 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது.

எப்படிச் சொல்ல வேண்டும்? அரசிதழில் போட வேண்டும். அரசிதழை நம்மில் யார் பார்க்கிறோம்? அதனால் இரண்டு நாளிதழ்களிலும் போட வேண்டும். அதில் ஒன்று அந்த வட்டார மொழி நாளிதழ். ஊராட்சியிலும், கலெக்டர், தாலுகா அலுவலகங்களிலும் உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும். இதற்காகவே கிராம சபையைக் கூட்டி விவரம் சொல்ல வேண்டும்.

நோட்டீஸில் முதலில் சர்வே எண்ணைப் பாருங்கள். பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பாருங்கள். பெயரைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் எத்தனையோ! நிலப் பதிவேட்டைச் சரிசெய்ய கலெக்டருக்கு இரண்டு மாதம் கெடு உண்டு. அதற்குள் பெயரை மாற்றக் கேளுங்கள்.

இந்த நோட்டீஸ் வந்த பிறகு அந்த நிலத்தை விற்கவோ வாங்கவோ கூடாது.

நிலம் வேண்டாத இடத்தில் எடுக்கிறார்களா? தேவைக்கு மேல் எடுக்கிறார்களா? 60 நாளுக்குள் கலெக்டருக்கு ஆட்சேபணை எழுதுங்கள். குத்தகைக்கு உழுபவரும், வாரத்துக்குப் பயிரிடுபவரும் எழுதலாம். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. மனுவில் தேதி போடுங்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக முத்திரையுடன் ரசீது கேளுங்கள். எழுதிக் கொடுத்தவரைக் கலெக்டர் நேரில் விசாரிக்க வேண்டும். நீங்கள் போக முடியாவிட்டால் வக்கீலை அனுப்பலாம். நீங்கள் எழுதிக் கொடுத்து வேறு ஒருவரையும் அனுப்பலாம்.

எல்லா நோட்டீஸுக்கும் 60 நாள் என்று நினைக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு எடுப்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி. அதில் 21 நாள்தான். சில மாநிலங்களில் தனிச் சட்டங்களும் உண்டு. ஆகவே எந்தச் சட்டம், எந்தத் தேதி என்பதை அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.